இரும்பு ஏறும், நாகம் இறங்கும்: குடிப்பவரின் ஈரலுக்குள் நடப்பது

என் பெரியப்பா கொழும்புச் செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்தவர். நாற்பது வருடமாகப் பொன்னை உருக்கிச் செம்பு சேர்த்த கை. இரவு பட்டறை பூட்டியதும் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நடந்தே வருவார். வரும்போது கையில் ஓர் அரைப் போத்தல் சாராயம் இருக்கும். சத்தம் போடமாட்டார், யாரையும் ஏசமாட்டார். குடித்துவிட்டு, போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அதனாலேயே வீட்டில் யாரும் அதை ஒரு வருத்தமாக எண்ணவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் முகம் வெளிறத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "உடம்பில இரத்தம் காணாது" என்று பெரியம்மா முடிவுகட்டி, பாமசியில் கேட்டு ஓர் இரும்புச்சத்து டொனிக் வாங்கிவந்தார். இரண்டு மாதம் காலையும் மாலையும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். களைப்புக் குறையவில்லை. கடைசியில் இரத்தம் சோதித்தபோது பெரிட்டின் என்ற வரிக்கு நேரே 900க்கு மேல் ஓர் எண். ஆண்களுக்கு 300, 400க்குள் நிற்கவேண்டிய எண் அது. பெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு முதல் சொன்னது, "அந்த டொனிக்கை இன்றைக்கே நிறுத்துங்கள்."

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அழுதார். "நானே அவருக்கு நஞ்சு ஊத்தினனோ?" என்று கேட்டார். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. இரண்டு மாத டொனிக் அந்த 900ஐக் கொண்டுவந்திருக்காது. அதைக் கொண்டுவந்தது வேறு. அது என்ன என்று அன்றிரவு அவருக்குச் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. வெளிறிப்போன குடிகாரருக்கு இரும்பு டொனிக் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் கொழும்பில் நிறைய உண்டு. அந்த வீடுகளில் யாராவது ஒருவர் இதை வாசித்தால் போதும்.

களஞ்சியமும் காவலாளியும்

ஈரல் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட நிறையுள்ள உறுப்பு. வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. நாம் சாப்பிடுவது குடலில் உறிஞ்சப்பட்டதும், அந்த இரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. ஈரல்வாயினாளம் என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் வருகிறது. புறக்கோட்டையில் இறங்கும் சாமான் எல்லாம் முதலில் மொத்தக் கடைக் களஞ்சியத்துக்குள் போய், அங்கே பிரித்து, நிறுத்து, அப்புறம்தானே ஊருக்குள் போகும். ஈரலின் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். சீனியைச் சேமிக்கிறது, புரதம் செய்கிறது, நஞ்சை உடைக்கிறது. நாம் அதிகம் பேசாத ஒரு வேலையும் உண்டு: உடம்புக்கு வேண்டிய உலோகங்களின் கணக்கை வைத்திருப்பதும் அதுதான்.

இரும்பு, நாகம், செம்பு, மகனீசியம், மங்கனீசு, செலனியம். இந்தப் பெயர்களைப் பள்ளிக்கூட இரசாயனப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்திருப்போம். நாகம் என்பது துத்தநாகம், பாமசியில் சிங்க் என்று கேட்பது. இவை எல்லாம் உடம்புக்குள் மிகக் கொஞ்சமே இருக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் உள்ள இரும்பு முழுவதும் 3 முதல் 4 கிராம். நாகம் 2 முதல் 3 கிராம். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு கரட் பொன்னில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு பொன், மிச்சம் செம்பும் வெள்ளியும். அந்த மிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நகையின் நிறமும் மாறும், உறுதியும் மாறும். "அப்ப ஈரலும் ஒரு பட்டறைதான்" என்றார்.

நாளாந்தம் நிறையக் குடிப்பது இந்தக் கணக்கை ஒரே பக்கமாகக் குறைப்பதில்லை. "குடித்தால் சத்தெல்லாம் போய்விடும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி சரி. நாகமும் மகனீசியமும் செலனியமும் குறைகின்றன. இரும்பு கூடுகிறது. பித்தம் வடிவது மந்தமானால் செம்பும் மங்கனீசும் தேங்குகின்றன. ஏறுவது எது, இறங்குவது எது என்று தெரியாமல் ஒரே போத்தல் டொனிக்கால் எல்லாவற்றையும் நிரப்பப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

"நிறையக் குடிப்பது" என்றால் எவ்வளவு? இதைச் சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் தன்னை அடுத்தவனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். நம் கடைகளில் விற்கும் தென்னஞ்சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் சுத்த மதுசாரம் ஏறக்குறைய 48 கிராம். அரைப் போத்தலில் கிட்டத்தட்ட 100 கிராம். "நான் பியர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியரில் 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்று சுமார் 43 கிராம், அதாவது கால் போத்தல் சாராயத்துக்குச் சற்றுத்தான் குறைவு. நாளொன்றுக்கு 60 கிராமுக்கு மேல் தொடர்ந்து குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்புப் படிகிறது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈரல் வடுப்பட்டுச் சுருங்கும் சிரோசிஸ் வருகிறது.

இரும்பு: பூட்டு திறந்துபோகிறது

இனி இரும்புக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் வியப்பாக இருப்பது இதுதான்: நம் உடம்புக்கு இரும்பை வெளியேற்ற ஒரு வழி கிடையாது. சிறுநீரில் கழிப்பதில்லை, வியர்வையில் கழிப்பதில்லை. உதிரும் தோலோடும் குடற்சுவர்க் கலங்களோடும் ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். ஆகவே உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துவது ஒன்றே வழி. அந்த வாசலுக்குக் காவலாளி ஒருவர் இருக்கிறார். பெயர் ஹெப்சிடின். ஈரலே செய்து இரத்தத்தில் விடும் சின்ன ஓமோன் அது. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கண்டுபிடித்தார்கள்.

உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால், ஈரல் ஹெப்சிடினைக் கூட்டும். அது குடற்சுவரில் உள்ள இரும்பு வாசல்களைப் பிடித்து உடைத்துவிடும். இரும்பு உள்ளே வராது. சாப்பாட்டோடு வந்த இரும்பு குடலிலேயே நின்று கழிந்துபோகும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், வாசல் திறக்கும். இதைவிட அழகான ஒழுங்கு வேறு இல்லை.

மதுசாரம் அந்த ஈரலுக்குள் போய், ஹெப்சிடின் செய்யும் உத்தரவையே அமுக்கிவிடுகிறது. களஞ்சியம் நிரம்பி வழிகிறது, ஆனாலும் "போதும்" என்ற செய்தி வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. சாதாரணமாக உடம்பில் அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் ஏறவேண்டும். குடிப்பவரின் ஈரலில் அழற்சியும் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. இரண்டு காரணம் இருந்தும் அது ஏறவேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. சாராயத்தில் இரும்பு கிடையாது. வடித்தெடுத்த பானம் என்பதால் அதில் இரும்பு இருந்தாலும் பெயருக்குத்தான். ஆகவே போத்தலில் இருந்து இரும்பு வரவில்லை. பூட்டுத் திறந்துகிடப்பதால், தினம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இறைச்சியிலும் இருந்து வருகிறது.

குடிக்கும் பானத்திலேயே இரும்பு வந்த கதையும் உலகத்தில் உண்டு. ஆபிரிக்காவின் தென்பகுதியில் இரும்புப் பானைகளிலும் பீப்பாய்களிலும் வீட்டிலேயே பியர் காய்ச்சிக் குடித்தவர்களின் ஈரலில், அந்தப் பாத்திர இரும்பு கரைந்து பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தது. நம் கதை அது இல்லை.

ஒரு நாளைக்கு மேலதிகமாக 1 மில்லிகிராம் உள்ளே வந்தால் பத்து வருடத்தில் மூன்றரைக் கிராமுக்கு மேல். இது வெறும் பெருக்கல் கணக்கு. எல்லோருக்கும் அப்படி ஏறாது, பெரும்பாலான குடிகாரர்களில் ஈரலின் இரும்பு ஓரளவுதான் கூடுகிறது. ஆனால் அந்த ஓரளவே ஏன் பொல்லாதது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

ஈரல் மதுசாரத்தை உடைக்கும்போது முதலில் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள் வருகிறது. நிறையக் குடிப்பவரில் இன்னொரு பாதையும் விழித்துக்கொள்கிறது. அந்தப் பாதை ஐதரசன் பரவொட்சைட்டு போன்றவற்றைப் பக்கவிளைவாகக் கொட்டுகிறது. சும்மா கிடந்தால் அதை ஈரலே சமாளித்துவிடும். ஆனால் பக்கத்தில் கட்டுப்படாத இரும்பு இருந்தால், இரண்டும் சேர்ந்து ஐதரொக்சைல் மூலிகம் என்ற ஒன்றை உண்டாக்குகின்றன. அது தொட்டதை எல்லாம் கெடுக்கும்: கலத்தின் சவ்வை, புரதத்தை, பரம்பரை அலகை. இந்தத் தாக்கத்தை ஹென்றி ஃபென்ரன் என்ற ஆங்கில இரசாயனவியலாளர் 1894இலேயே ஒரு கண்ணாடிக் குவளைக்குள் கவனித்து எழுதிவைத்தார். அதே தாக்கம் நம் ஈரலுக்குள் தினமும் நடக்கும் என்று அவருக்கு அன்று தெரிந்திருக்காது. பட்டறைக்காரருக்குச் சொல்லவேண்டுமென்றால்: தீ மதுசாரம் மூட்டுவது, துருத்தி ஊதுவது இரும்பு.

இரும்பு ஈரற்கலங்களில் மட்டும் சேர்வதில்லை. குப்பர் கலங்கள் என்று ஈரலுக்குள் வாழும் துப்புரவுத் தொழிலாளர்களிலும் சேர்கிறது. இரும்பு நிறைந்த குப்பர் கலங்கள் அழற்சிச் சைகைகளை இன்னும் உரக்கக் கூவுகின்றன. அந்தச் சத்தம் கேட்டு வடு உண்டாக்கும் கலங்கள் எழும்புகின்றன. சிரோசிஸ் நோக்கிய பாதை அங்கே தொடங்குகிறது.

நம் நாட்டவருக்காக ஒரு வரி. வட ஐரோப்பியரில் பரம்பரையாக இரும்பு சேரும் ஒரு நோய் உண்டு, அதற்குரிய மரபணுவை 1996இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் நம்மிடையே மிக அரிது. நம் நாட்டில் கவனிக்கவேண்டியது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். அந்த நோய் உடம்பை இரும்பு உறிஞ்சத் தூண்டும். குடும்பத்தில் தலசீமியா இருந்தால், குடிப்பவரின் பெரிட்டின் ரிப்போட்டைக் காட்டும்போது டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

நாகம்: ஓட்டைச் சட்டி

பெரியப்பா ஒரு வருடமாகச் சாப்பாட்டில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "உப்பில்லை, புளியில்லை." பெரியம்மா உப்பைக் கூட்டிக்கொண்டே போனார். நாங்கள் அதைக் கிழவனின் சண்டித்தனம் என்று நினைத்தோம். பட்டறையில் பட்ட ஒரு சின்னச் சூட்டுக்காயம் வாரக்கணக்கில் ஆறவில்லை. அதைச் சீனி வருத்தமாக்கும் என்று நினைத்தோம், சோதித்தால் சீனி சரி. மாலை ஆனால் படிக்கட்டில் தடுமாறினார். அதைக் குடிதான் என்று நினைத்தோம். இந்த மூன்றுக்கும் பின்னால் நாகக் குறைவும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நாம் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை.

நாக்கின் சுவை, காயம் ஆறுதல், மங்கிய வெளிச்சத்தில் பார்வை, நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் நாகம் வேண்டும். உடம்பில் அதற்குப் பெரிய சேமிப்பு இல்லை. நாளாந்தம் ஆணுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8 மில்லிகிராம் சாப்பாட்டில் இருந்தே வரவேண்டும். குடிப்பவரில் மூன்று ஓட்டை விழுகிறது. சோறு கறி குறைவதால் வரவு குறைகிறது. வந்ததும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டதும் சிறுநீரோடு போய்விடுகிறது.

இது புதிய செய்தி இல்லை. அமெரிக்காவில் பேர்ட் வலீ என்பவரும் அவருடைய சகாக்களும் 1956இலேயே, குடியால் சிரோசிஸ் வந்தவர்களின் இரத்தத்தில் நாகம் குறைந்திருப்பதை அளந்து எழுதினார்கள். அதே வலீதான், மதுசாரத்தை உடைக்கும் நொதியத்துக்குள் நாகம் இருக்கிறது என்று காட்டியவர்களிலும் ஒருவர். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சாராயத்தை உடைப்பதற்கு ஈரல் எடுக்கும் முதல் கத்தியின் கூர்முனையில் இருப்பது நாகம். அந்த உலோகம் இல்லாவிட்டால் அந்த நொதியம் வேலைசெய்யாது. சாராயமோ அந்த நாகத்தையே வெளியே ஓடவிடுகிறது.

குடலின் சுவரில் கலங்களை நெருக்கமாகத் தைத்துவைப்பதற்கும் நாகம் உதவுகிறது. மதுசாரமும் நாகக் குறைவும் சேர்ந்து அந்தத் தையலைத் தளர்த்துகின்றன. குடலில் வாழும் பற்றீரியாக்களின் நச்சுத்துணுக்குகள் இடைவெளிகளால் நுழைந்து, முன்னே சொன்ன ஈரல்வாயினாளத்தின் வழியே நேரே ஈரலுக்குப் போகின்றன. அங்கே இரும்பு நிறைந்த குப்பர் கலங்கள் காத்திருக்கின்றன. ஏறிய உலோகமும் இறங்கிய உலோகமும் ஒரே இடத்தில் சந்திப்பது இப்படித்தான்.

சரி, அப்படியென்றால் சிங்க் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா? டொக்டர் அளவு சொன்னால் கொடுங்கள். சுயமாக வேண்டாம். நாகம் அளவு கடந்தால் குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மாதக்கணக்கில் அப்படிப் போனால் செம்புக் குறைவே இரத்தச்சோகையையும் கால் விறைப்பையும் கொண்டுவரும். மாலைக்கண்ணுக்கு என்று விற்றமின் ஏ குளிசையைத் தானாக வாங்கிப் போடுவதும் ஆபத்து. மதுசாரத்தோடு சேர்ந்தால் அது ஈரலைத் தாக்கும்.

மகனீசியமும் வெசாக் நாட்களும்

போயா நாளில் சாராயக் கடை பூட்டு. வெசாக்குக்கு இரண்டு நாள் பூட்டு. முன்கூட்டியே வாங்கிவைக்காத ஒரு கடுங்குடிகாரருக்கு இரண்டாம் நாள் என்ன நடக்கும் என்று அயலில் பார்த்திருப்பீர்கள். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பு வரும், சிலர் இல்லாததைக் காண்பார்கள். அது மதுசாரத்துக்குப் பழகிய மூளை திடீரென அது இல்லாமல் துடிப்பது. அந்தத் துடிப்போடு மகனீசியக் குறைவும் அடிக்கடி கூடவே வந்து நிலைமையை மோசமாக்குகிறது.

ஒரு வளர்ந்த ஆளில் மகனீசியம் சுமார் 25 கிராம். பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி கலங்களுக்குள். இரத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இரத்தப் பரிசோதனை "சரி" என்று வந்தாலும் உடம்பு வறண்டிருக்கலாம். மதுசாரம் குடித்த சற்று நேரத்திலேயே சிறுநீரகம் மகனீசியத்தை அதிகமாக வெளியே விடத் தொடங்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் மிச்சத்தைக் கொண்டுபோகும். மகனீசியம் இறங்கினால் பொட்டாசியமும் கல்சியமும் அதன் பின்னாலேயே இறங்கும். கெண்டைக்கால் பிடிப்பு, நடுக்கம், இருதயத் துடிப்பில் கோளாறு எல்லாம் அங்கிருந்து வரும்.

விற்றமின் பீ1 வேலைசெய்யவும் மகனீசியம் வேண்டும். குடிப்பவரில் பீ1 ஏற்கெனவே குறைவு. அது அறவே இறங்கினால் நடை தள்ளாடி, கண் அசைவு பிசகி, மனம் குழம்பும். கார்ள் வேர்ணிக்கே 1881இல் விவரித்த நிலை அது. பட்டினியாகக் கிடக்கும் குடிகாரருக்கு ஆஸ்பத்திரியில் பீ1 ஊசி போடாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றக்கூடாது என்பதும், பீ1 கொடுத்தும் தெளியாவிட்டால் மகனீசியத்தைப் பார்க்கவேண்டும் என்பதும் இதனால்தான்.

மற்ற மூன்றும்

செம்பு பித்தத்தோடு வெளியேறும் உலோகம். ஆரோக்கியமான ஈரலில், உலர்ந்த நிறையில் ஒரு கிராமுக்கு 15 முதல் 55 மைக்கிரோகிராம்தான் இருக்கும். ஈரல் வடுப்பட்டுப் பித்தவோட்டம் மந்தமானால் கொஞ்சம் கூடலாம். 250ஐத் தாண்டினால் டொக்டர்கள் வேறு நோயைத் தேடுவார்கள். கின்னியர் வில்சன் 1912இல் விவரித்த, செம்பை வெளியேற்ற முடியாத பரம்பரை நோய் அது. இளம் வயதில் ஈரல் கெட்டவரை, குடிக்கிறார் என்பதற்காக மட்டும் குடிகாரக் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மங்கனீசும் பித்தத்தோடு போகவேண்டியது. சிரோசிஸ் முற்றி, குடலில் இருந்து வரும் இரத்தம் ஈரலைச் சுற்றி வேறு குழாய்களால் ஓடத் தொடங்கினால், அது கழியாமல் மூளையின் அடிப்பகுதியில் படியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த இடம் வெள்ளையாக மின்னும். சிலருக்கு நடை மந்தமாகி உடம்பு விறைக்கும். தேயிலையில் மங்கனீசு நிறைய உண்டு, ஆனால் இதற்காகத் தேத்தண்ணியை விடவேண்டியதில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்டீ, இலைகறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு ஏறிக்கிடக்கும் பெரியப்பா போன்றவருக்கு அதில் நட்டம் இல்லை.

செலனியம் இறங்கும் பக்கத்தைச் சேர்ந்தது. ஐதரசன் பரவொட்சைட்டைத் தண்ணீராக மாற்றும் ஒரு நொதியத்துக்கு அது தேவை. இரும்பு ஊதும் தீயை அணைக்கும் வாளி என்று வைத்துக்கொள்ளலாம்.

கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பு வேறு கதை. எந்தத் தகரத்தில், எந்தக் குழாயில் வடித்தது என்று குடிப்பவருக்குத் தெரியாது. பழைய வாகன ரேடியேற்றர்களையும் ஈயப் பற்றுவைத்த குழாய்களையும் வைத்துக் கள்ளச்சாராயம் வடித்து, குடித்தவர்கள் ஈய நஞ்சேறி வந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. மெதனோல் என்ற நச்சு மதுசாரத்தின் ஆபத்து அதற்கு மேலே.

அப்படியென்றால் ஏன் வெளிறினார்?

பெரியம்மா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. இரும்பு இவ்வளவு இருக்க, முகம் ஏன் வெளிறவேண்டும்?

இரத்தச்சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று நாம் பழகிவிட்டோம். செங்குழியம் செய்வதற்கு இரும்பு மட்டும் போதாது, ஃபோலிக் அமிலமும் வேண்டும். குடிப்பவருக்கு அது குறைகிறது. மதுசாரம் எலும்பு மச்சையையும் நேரடியாக அமுக்குகிறது. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கிச் செங்குழியங்களைப் பிடித்துவைக்கிறது. ஆக, செங்கல் குவிந்துகிடக்க, மேசன்மார் வேலைக்கு வரவில்லை. பெரியப்பாவின் ரிப்போட்டில் செங்குழியங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரும்புக் குறைவென்றால் அவை சிறிதாக இருக்கும். அந்த ஒரு வரியை முதலிலேயே யாராவது பார்த்திருந்தால் டொனிக் வாங்கியிருக்கமாட்டோம்.

மறுபக்கமும் உண்டு. இரைப்பைப் புண்ணாலோ, தொண்டைக்குழாயில் புடைத்த நாளங்களாலோ இரத்தம் ஒழுகும் குடிகாரருக்கு உண்மையிலேயே இரும்புக் குறைவு வரலாம். கறுப்பாகத் தார் போல மலம் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதனால்தான் "குடிகாரருக்கு இரும்பு கூடாது" என்று நான் எழுதவில்லை. சோதிக்காமல் கூடாது என்கிறேன்.

பெரிட்டினை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. ஈரல் வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் அது ஏறும். கூடவே டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்று ஒன்று உண்டு: இரத்தத்தில் இரும்பு சுமக்கும் வண்டிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்ற விகிதம். அது 45 சதவீதத்துக்கு மேல் நின்றால் இரும்பு உண்மையாகவே கூடியிருக்கிறதா என்று மேலே தேடுவார்கள். கிளினிக்குக்குப் போகும்போது இந்த இரண்டோடு முழு இரத்த எண்ணிக்கை, ஈரல் பரிசோதனைகள், மகனீசியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் கேளுங்கள். நாகத்தின் இரத்த அளவு எப்போதும் நம்பத்தக்கது இல்லை, ஈரல் செய்யும் அல்புமின் என்ற புரதம் குறைந்தால் அதுவும் சேர்ந்து குறைந்து காட்டும்.

சாப்பாட்டில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முட்டை, பருப்பு, கடலை, கஜு, பயறு, மீன், கீரை. நாகமும் மகனீசியமும் ஃபோலிக் அமிலமும் இவற்றுக்குள் பரந்து கிடக்கின்றன. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே தட்டு நிறையச் சோறு போடுவது மட்டும் நல்லதில்லை. இரத்தத்தில் பொசுபேற்றும் மகனீசியமும் திடீரென்று சரியும். கொஞ்சம் கொஞ்சமாக, டொக்டரின் பார்வையில் கூட்டவேண்டும்.

எல்லாவற்றையும் திருப்புவது குடியை விடுவதுதான். குடியை விட்டால் ஹெப்சிடின் வேலைக்குத் திரும்பும், பெரிட்டின் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவரைப் பிடித்து அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். வலிப்பிலும் சன்னியிலும் உயிர் போகக்கூடும், அதிலும் மகனீசியம் வற்றிய உடம்பில். மருந்தோடு, மேற்பார்வையோடு விடவேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசுவார்கள். குடியில் இருந்து மீள விரும்புவோருக்கென்றே சுமித்ரயோ நடத்தும் மெல் மெதுர கொழும்பில் இருக்கிறது. பெரியப்பா பத்து நாள் வாட்டில் இருந்தார். பீ1 ஊசி, மகனீசியம் சேலைன், நடுக்கத்துக்கு மருந்து. மூன்றாம் நாள் இரவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் விடிய விடிய இருந்தேன். பட்டறைத் துருத்தியை நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பெரிட்டின் 400க்குக் கீழே வந்திருந்தது. அந்த ரிப்போட்டை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெரியப்பா கத்தரிக்காய்க் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார். பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்ச, கறிக்கு ஏன் இவ்வளவு உப்பு?"

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.